கப்பல், நம்மாளு, தெரியல

என் நாத்தனாருக்குத் துறைமுகத்தில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "காக்காவைப் பாத்து அது யாருன்னு சொல்ற வேலை" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். வேலையே அதுதான்.

எங்கள் ஊரில் காக்கை இரண்டு வகை. ஒன்று காலங்காலமாக இருக்கும் அண்டங்காக்கை: உடம்பு முழுக்கக் கறுப்பு, பருத்த அலகு, கனத்த குரல். இன்னொன்று, கடல் கடந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு கத்தும் சாதாரணக் காக்கை, இங்கே சரக்குக் கப்பல்களில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கியது: சற்று ஒல்லி, கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறம். துறைமுகத்தில் அதற்குக் கப்பல் காக்கை என்றே பெயர். வந்த இடத்தில் அடங்கி இருந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அலைத்தடுப்புச் சுவரில் கடல் பறவைகள் இட்ட முட்டைகளைத் தின்று தீர்த்தது. அண்டங்காக்கையின் கூடுகளைக் கூட்டமாகப் போய்க் கலைத்தது. பெருகிக்கொண்டே போனது. கூண்டு வைத்தார்கள், ஒன்று மாட்டிக்கொண்டால் மற்றவை அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கடைசியில் துப்பாக்கி வந்தது.

துப்பாக்கி வந்ததும் பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. குறி பார்க்கிறவருக்குக் குறி மட்டும்தான் தெரியும். நாத்தனார் அப்போது சரக்குக் கொட்டகையில் மூட்டை சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மதியச் சாப்பாட்டை ஒரு கப்பல் காக்கை பொட்டலத்தோடு தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து அவளுக்கு அந்த இனத்தின் மேல் ஒரு கண். கூப்பிட்டார்கள், உடனே போய்விட்டாள்.

அவளுடைய கணவரும் கப்பலில் வந்து இறங்கியவர்தான், எஞ்சின் அறை ஆள். என் வீட்டுக்காரருக்குத் தங்கையைச் சீண்ட இது போதும்.

"கப்பல்ல வந்த ஒண்ண மட்டும் வீட்டுல வச்சு சோறு போட்ட. மத்ததையெல்லாம் சுடச் சொல்ற. நல்லா இருக்கும்மா உன் நியாயம்."

"அது கூடு கலைக்க வரலண்ணா. கட்ட வந்துச்சு."

அவள் கணவர் நெஞ்சுவலியில் போன பிறகு அவள் எங்கள் மாடி அறைக்கு வந்துவிட்டாள். நான் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்று அந்த வேலையிலேயே வயதானவள். இப்போது ஓய்வு. ஓய்வு என்றால் சம்பளம் நின்றது, அவ்வளவுதான்.

துறைமுகத்தில் நாத்தனாரும் துப்பாக்கிக்காரரும் செய்யும் வேலையில் பேச்சு மிகக் குறைவு. துப்பாக்கிக்காரர் குறி வைப்பார். இவள் பைனாகுலரில் பார்த்து ஒரு சொல் சொல்வாள். "கப்பல்" என்றால் சுடலாம். "நம்மாளு" என்றால் கூடாது. "தெரியல" என்றால் துப்பாக்கியின் வாய் தரையைப் பார்க்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. இந்த மூன்று சொல் ஏற்பாட்டை உண்டாக்கியவள் இவள்தான். துப்பாக்கிக்காரர் நாற்பதைத் தாண்டிய மனிதர், நல்ல குறி, வாய் மட்டும் சற்று நீளம். ஆனால் இவள் சொல்லும்வரை விரல் அசையாது.

கழுத்தில் சாம்பல் நிறம் இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா, இதற்கு ஒரு ஆளா என்று நானே கேட்டிருக்கிறேன். போதும், நிலக்கரிக் கிடங்கு இல்லாத துறைமுகத்தில். எங்கள் துறைமுகத்தில் கரி மலை மலையாகக் குவிந்து கிடக்கும். அங்கே மேயும் கப்பல் காக்கையின் கழுத்தில் கரித்தூள் படிந்து படிந்து, அதுவும் அச்சு அசலாக உள்ளூர்க்காரன் போலக் கறுத்துவிடும். கரிக் கிடங்கில் அண்டங்காக்கை பெருகிவிட்டது என்று ஒரு காலத்தில் துறைமுகத்தின் காக்கை ஒழிப்புப் பிரிவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது. இவள்தான் நம்பவில்லை. "நடை சரியில்ல" என்றாள். ஒரு பெருமழை பெய்து விட்ட பிறகு போய்ப் பார்த்தால், வேலிக் கம்பி நெடுக உட்கார்ந்திருந்த அத்தனை கழுத்தும் சாம்பல்.

அன்றிலிருந்து கரிக் கிடங்கில் அவள் சொல்தான் சொல். நிறத்தைப் பார்க்கவே மாட்டாள். அலகு நெற்றியைச் சந்திக்கும் இடத்தைப் பார்ப்பாள். அண்டங்காக்கைக்கு அங்கே நெற்றி சுவர் போலச் செங்குத்தாக எழும். அலகு கொடுவாள் போல வளைந்து தடித்திருக்கும். பறக்கும்போது வால் நுனி உருண்டு தெரியும். வாயைத் திறந்தால் அடித்தொண்டையிலிருந்து வரும். கப்பல் காக்கை மூக்கால் கத்தும், ஓயாமல் கத்தும். எனக்கு இது புதிதாகப் படவில்லை. வார்டு வாசலில் ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தே இடுப்பா, முழங்காலா, வெறும் பயமா என்று சொல்லிவிடலாம். முகத்தைப் பார்த்தால்தான் குழப்பம்.

இப்படிப் பேர் வாங்கியவள்தான் அந்தத் தவறைச் செய்தாள்.

கன்வேயர் பெல்ட்டின் சட்டத்தில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. கறுப்பு. ஆனால் அலகு சிறியது, உடம்பும் ஒல்லி. கரி பூசிய கப்பல் காக்கை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. "கப்பல்" என்றாள். துப்பாக்கிக்காரர் சுட்டார். விழுந்ததை எடுத்து, வழக்கப்படி ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்தார். துணியில் கரி ஒட்டவில்லை. சாம்பல் வரவில்லை. அதன் வாயைத் திறந்து பார்த்தார். உள்ளே இளஞ்சிவப்பு. கூட்டைவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்த அண்டங்காக்கைக் குஞ்சு. அலகு இன்னும் தடிக்கவில்லை.

கரிக் கிடங்கைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு ஆள் அதைப் பார்த்திருந்தால், கறுப்பாக இருக்கிறது, உள்ளூர்க் காக்கை என்று விட்டிருப்பார். பிழைத்திருக்கும்.

அதன் தாயும் தகப்பனும் அலுவலக வாசல் விளக்குக் கம்பத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. காக்கைக்கு முகம் மறக்காது. துப்பாக்கிக்காரர் வெளியே வந்தாலே இறங்கித் தலையில் கொத்தின. அந்த மனிதர் டீ குடிக்கப் போவதற்கும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டார். நாத்தனாரை அவை ஒன்றும் செய்யவில்லை.

"சொன்னது நான், கொத்து அவருக்கு" என்று வீட்டில் வந்து சொன்னாள். அன்று சாப்பிடவில்லை.

பிரிவின் தலைவர் சுற்றி வளைக்காத மனிதர். "மேடம், டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்க. அது சரின்னு வந்த பிறகு கரி யார்டுல ஒரு பரீட்சை. அதுல தேறினாத்தான் திரும்பவும் சொல்லலாம். இல்லேன்னா ஆபீஸ்ல ஒரு நாற்காலி இருக்கு" என்றுவிட்டார். அதுவரை துப்பாக்கி பெட்டிக்குள்.

நாற்காலி என்பதை அவள் சொன்ன விதத்தைக் கேட்டால் ஏதோ தூக்குமேடை என்று நினைப்பீர்கள்.

"என் கண்ணுக்கு என்ன கேடு? அது குஞ்சு அண்ணி. குஞ்சுன்னா யாருக்குமே குழப்பம் வரும்."

"குழப்பம் வந்துச்சா உனக்கு?"

துவைத்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"வந்திருந்தா தெரியலன்னு சொல்லியிருப்பே. அந்த வார்த்தைய நீ கடைசியா எப்ப சொன்னே?"

யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. மூன்று சொல்லில் ஒன்றை அவள் எப்போதோ தொலைத்திருந்தாள். பேர் வளர வளர அது தேவைப்படாமல் போயிருக்கிறது.

கண்ணைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது, சந்தேகம் என்ன, தெரியும். டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினாள். பஸ் நம்பரை என்னைப் படிக்கச் சொன்னாள். விளக்கைப் பார்த்தால் கண் கூசியது. வலது கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்பாப்பா பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தது.

"புரை. வலது முத்திப்போச்சு. இடது பின்னாடியே வருது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"கண்ண வெளிய எடுத்து வச்சு தைப்பாங்களாமே?"

"எடுத்து வைக்க அது என்ன பல் செட்டா? சொட்டு போட்டு மரக்க வைப்பாங்க. பழைய லென்ஸ உறிஞ்சி எடுத்துட்டு புதுசு வைப்பாங்க. நீ குளிக்க எடுத்துக்கிற நேரத்துல முடிஞ்சிரும்."

"எனக்குப் பயமெல்லாம் ஒண்ணும் இல்ல."

"சரி, பயமில்லாமயே வா."

ஆபரேஷன் மேஜையில் டாக்டரிடம் பேசிக்கொண்டே இருந்தாளாம். பேசாதீர்கள், தலை அசைகிறது என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு வீட்டில் என் ராஜ்ஜியம். குனியாதே, தேய்க்காதே, தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, அந்தப் பக்கமாகப் படுக்காதே. வேளை தவறாமல் சொட்டு மருந்து. படிக்கட்டில் குனிந்து செருப்பைத் தேடியவளை நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

கட்டைப் பிரித்த அன்று கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"இந்தச் சுவரு நீலமா?"

"வெள்ளையடிச்ச நாள்லேர்ந்து நீலம்தான்."

"இத்தனை நாளா பச்சைன்னு நினைச்சிட்டிருந்தேன்." என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, உங்க மூஞ்சில இவ்வளவு சுருக்கமா?"

"பாத்துக்கோ. காசு கேக்கல."

ஜன்னலுக்குப் போனாள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு அண்டங்காக்கை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். வெகுநேரம் கழித்து, "முதுகுல நீலம் ஓடுது அண்ணி. ஊதாவும். இது இப்படியா இருந்துச்சு?" என்றாள். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, காக்கா கறுப்பாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குப் போய்விட்டார்.

பரீட்சை நாளுக்கு நானும் போனேன். சொட்டு மருந்து வேளை நடுவில் வந்தது. கரித்தூள் பறக்கும் இடம் வேறு. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

கிடங்கின் ஓரத்தில் ஆள் நுழையும் உயரத்துக்கு ஒரு பெரிய கம்பிக் கூண்டு. கதவைத் திறந்தே வைத்து, நாள்கணக்கில் தீனி போட்டுப் பழக்கி, ஒரு காலையில் மூடிப் பிடித்திருந்தார்கள். உள்ளே எல்லாமே கறுப்புக் காக்கைகள். தூரத்தில் தரையில் ஒரு கோடு. நாத்தனார் அங்கே நின்று சொல்ல வேண்டும். துப்பாக்கிக்காரர் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே போய், அவள் சொன்ன பறவையைப் பிடித்து ஈரத்துணியால் துடைத்துக் காட்ட வேண்டும்.

"அக்கா, பாத்து சொல்லுங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் ஹெல்மெட்டோட ஆபீஸ்ல ஃபைல் அடுக்கிட்டிருக்கேன்."

"நீங்க அதுக்குத்தான் லாயக்கு தம்பி. உள்ள போங்க."

தொடக்கம் சரளமாக இருந்தது. கம்பிமேல் உட்கார்ந்திருந்த முதல் காக்கை: "நம்மாளு." துடைத்தார், துணி சுத்தம். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் இருந்தது: "கப்பல்." துணி கறுத்தது, கழுத்து வெளுத்தது. அடுத்தது, அதற்கடுத்தது. தலைவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் மருந்துப் புட்டியைப் பையில் தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் வேகம் பிடித்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் ஒரு பறவை நடக்கட்டும், கத்தட்டும் என்று காத்திருப்பாள் என்று துப்பாக்கிக்காரர் பல தடவை அலுத்துக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். இப்போது பைனாகுலரைத் திருப்பிய மறுகணம் சொன்னாள். திரும்பிப் பார்த்தால், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தாள்.

"கண்ணாடிய இறக்கு!"

"இருங்க அண்ணி. வெயில்ல நீலம் அடிக்குது. அது நம்மா—"

நிறுத்திக்கொண்டாள். பைனாகுலரைக் கீழே இறக்கினாள்.

"சார், அதைக் கணக்குல எடுக்காதீங்க. நான் நிறத்தைப் பாத்துட்டேன்."

தலைவர், "நிறம் தெரியணும்னுதானே கண்ணுக்கு வைத்தியம் பண்ணிக்கிட்டீங்க?" என்றார்.

"புதுசா கிடைச்சிருக்கு சார், அதான் அதையே பாத்துட்டிருக்கேன். ஒரு நிமிஷம்."

கூண்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். கண்ணாடியை இறக்கினாள். நான் அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டு, கண்ணாடியைத் தூக்கச் சொல்லிச் சொட்டு விட்டேன். மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பின்னால் துப்பாக்கிக்காரர் நகர்ந்ததும் அந்தக் காக்கை கத்தியது, மூக்கால், நிறுத்தாமல்.

"கப்பல்" என்றாள், திரும்பாமலே.

துடைத்தார். சாம்பல் கழுத்து. கரித்தூளையும் மீறி இறக்கையில் இருந்த பளபளப்புதான் வெயிலில் நீலமாகத் தெரிந்திருக்கிறது. பளபளப்பு இரண்டு வகைக்கும் உண்டு.

அதற்குப் பிறகு பழைய ஆள் ஆகிவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தாள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். இவள் பார்க்கவில்லை.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. கூண்டின் மூலையில், தரையில், சிறகைச் சற்றுத் தூக்கி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. கறுப்பு. சிறிய அலகு. நடக்கவில்லை. கத்தவில்லை. துப்பாக்கிக்காரர் காலைத் தரையில் தட்டிப் பார்த்தார். தலையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டது.

நாத்தனார் பைனாகுலரில் பார்த்தாள். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தாள். இது ஒன்றைச் சொல்லிவிட்டால் வேலை கையில். சொல்லத் தெரியாதவள் என்று பேர் வந்தால் நாற்காலி.

"தெரியல" என்றாள்.

"இன்னும் நேரம் எடுத்துக்கோங்க மேடம்."

"வேணாம் சார். தெரியல."

"பரீட்சையில தெரியலைன்னு சொன்னா அதை நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

"துப்பாக்கி கீழ இறங்கணும்னா அந்தப் பதில்தான் சார். அன்னைக்குப் பெல்ட்டு மேல உக்காந்திருந்ததும் இப்படித்தான் இருந்துச்சு. கத்தல, நடக்கல. நான் காத்திருக்கல. கண்ணு மங்கல்தான், இல்லன்னு சொல்லல. ஆனா மங்கலா இருக்குன்னா தெரியலன்னு சொல்லியிருக்கணும். கப்பல்னு சொன்னது கண்ணு இல்ல, வாய்."

துப்பாக்கிக்காரர் அந்தக் காக்கையைப் பிடித்தார். கைக்குள் திமிறவில்லை. துணியால் கழுத்தைத் துடைத்தார். மெல்லச் சாம்பல் வந்தது. கப்பல் காக்கைதான், வாய் சிவந்த குஞ்சு, பயந்து போயிருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் தலைவர். "ஒண்ணு தப்பிச்சிருக்கும்."

"தப்பிக்கட்டும் சார். அடுத்த வாரம் அது கத்தும், அப்ப பாத்துக்கலாம். அன்னைக்குச் சுட்ட அந்தக் குஞ்சை எந்த வாரம் பாத்துக்கிறது?"

அலுவலக வாசல் பக்கமாகக் கையைக் காட்டினாள். விளக்குக் கம்பத்தில் அந்த ஜோடி இன்னும் உட்கார்ந்திருந்தது. துப்பாக்கிக்காரர் தன்னையறியாமல் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தலைவரும் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு துப்பாக்கிக்காரரைப் பார்த்து, "உங்களுக்கு யார் பக்கத்துல நிக்கணும்?" என்று கேட்டார்.

"தெரியலன்னு சொல்றவங்க சார். கொத்து வாங்கறது நான்."

"சரி. திங்கள்கிழமையிலேர்ந்து வாங்க மேடம். நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடறேன்."

திரும்பி வரும்போது பஸ் நம்பரை அவளே படித்தாள். தூரத்திலேயே படித்துவிட்டு, நான் கேட்காமலே சத்தமாகச் சொன்னாள். அந்த பஸ் வேறு பக்கம் போவது, இருந்தாலும் சொன்னாள்.

திங்கள்கிழமை வேலைக்குப் போனாள். அன்று பாதிப் பறவைகளுக்கு மேல் "தெரியல" என்றே சொல்லியிருக்கிறாள். துப்பாக்கிக்காரர், "அக்கா, துப்பாக்கிய வீட்டுலயே வச்சுட்டு வந்திருப்பேனே" என்றாராம். நாளாக ஆகக் குறைந்தது, ஆனால் அடியோடு போகவில்லை. இப்போதும் தினம் ஒன்றிரண்டாவது உண்டு.

இடது கண்ணுக்கு நாள் வாங்கியாகிவிட்டது. பயமில்லை என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொட்டு மருந்து வாங்கி வைத்துவிட்டேன்.